வாசலில் நிற்கும் தகப்பன்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு என் மனைவியை அவள் அம்மா பெரியகுளத்துக்கு அழைத்துப் போய்விட்டார். கொடைக்கானலில் நான் மட்டும். 'உனக்கென்னப்பா, புள்ள பொறந்தா போன் வரும், போய்ப் பாத்துக்க' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இது கேலியல்ல, தீர்ப்பு. பிள்ளை பிறக்கும்வரை ஆண் தகப்பனில்லை.

இந்தத் தீர்ப்பில் இலக்கியத்துக்கும் பங்குண்டு. புறநானூறு 312 பெற்றெடுப்பதைத் தாய்க்கும் சான்றோனாக்குவதைத் தந்தைக்கும் பிரித்துத் தருகிறது. அறிவுடைநம்பியின் 188ஆம் பாட்டில் தகப்பன் குழைகிறான்தான். ஆனால் அதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. பெரியாழ்வார் குழைவதற்கு யசோதையின் குரலைக் கடன்வாங்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் பத்து மாதம் பற்றி ஆண் குரலில் மௌனமே மிச்சம்.

இங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் கீழே பழனி தெரியும். அந்த முருகன் சிவனின் நெற்றிக்கண் பொறியில் பிறந்தவன். பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பிள்ளை கோபித்து மலையேறிய பிறகுதான் தகப்பன் சமாதானம் சொல்ல வருகிறான். மூலமாக இருந்தால் போதும், உடனிருக்க வேண்டாம் என்பதே இக்கதையாடலின் தந்தைமை.

மாற்று இல்லாமலில்லை. மனைவியின் பேறுகாலத்தில் குறவர், எருகலர் ஆண்கள் தாங்களும் படுக்கையில் கிடந்த வழக்கத்தை 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுப்பு பதிவுசெய்கிறது. மானிடவியலாளர் டைலர் 1865இலேயே இத்தகைய வழக்கத்தைக் 'கூவாட்' என்ற பெயரில் விவாதித்தார். 'குற்றப் பரம்பரை' என வெள்ளை அரசு முத்திரை குத்திய மக்களின் வழக்கம் இது. இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. வலி பெண்ணுக்கு, படுக்கை ஆணுக்கா என்று பெண்கள் கேட்டால் நியாயம்தான். பேற்றையும் ஆண் கைப்பற்றும் தந்திரமாக அது இருக்கலாம். ஆனாலும் தந்தைமை ரத்தத்தில் தானாக வருவதல்ல, உடம்பைக் கொண்டு பழகிக்கொள்வது என்ற அறிவு அதில் இருக்கிறது.

மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்புண்டு. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவன் ஒருநாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. தகப்பனாவதிலும் வர்க்கம் இருக்கிறது.

நேற்றிரவு போனில் 'உதைக்குது' என்றாள். எந்தப் பக்கம் என்றேன். 'வலப்பக்கம்.' என் கை என் வயிற்றின் வலப்பக்கம் போயிற்று. சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம். வெட்கம் ஏன் என்பதுதான் கேள்வி. காலையில் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மலையிறங்குகிறேன்.