விடுமுறை கொடுத்த நீதிமன்றம்

ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு மாற்ற, இந்திய உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் 'சுவாஸ்' என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இப்படிப்பட்ட மொழிபெயர்ப்பில் 'லீவ் கிராண்டட்' என்பது 'விடுமுறை கிடைத்தது' என்ற பொருளில் இந்தியில் வந்ததாக நீதிபதி ஒருவரே சொல்லியிருக்கிறார். மேல்முறையீட்டுக்கு அனுமதி என்பதுதான் சரியான பொருள்.

சிரிக்கலாம். ஆனா எனக்கு இந்த மாதிரிப் பிழை மேல பெரிய பயம் இல்லை, யார் கண்ணிலும் பட்டுவிடும். வழவழப்பான தமிழில் ஒளிந்து வருவதுதான் ஆபத்து.

நம் 1955 வேலைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எழுதப்படாதபோது, பணிநீக்க அறிவிப்பு 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். இதற்குக் குறையக் கூடாது. படிவம் நான்கு வகுப்பில் இதை எளிய தமிழில் தரச்சொல்லிக் கருவியிடம் கேட்டோம். 'பொதுவாக நான்கு வார அறிவிப்பு வழங்கப்படலாம்' என்று வந்தது. ஒற்றுப்பிழைகூட இல்லை. "டீச்சர், 'படலாம்'னா கொடுக்காமலும் இருக்கலாம்தானே?" என்று கேட்டாள் ஒரு மாணவி. ஒரு 'லாம்' தொழிலாளியின் உரிமையைச் சலுகையாக்கிவிட்டது!

கேமரன் மலையில் 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்தவர்களுக்குச் சட்டம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் தோட்டத் தமிழர் சொல்லுக்குத் தவிக்கவில்லை. '24 மணி நேர நோட்டீஸ்' என்றால் லயத்தில் எல்லாருக்கும் வயிறு கலங்கும். இலங்கையில் கடன் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதித் தந்த சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. 1921-இல் அந்த முறையை ஒழித்தபோது ஆங்கிலேயரும் அதே தமிழ்ச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். சட்ட எழுத்தில் படைப்பாற்றல் என்று நான் சொல்வது இதைத்தான், அலங்காரத்தை அல்ல. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரிப்பவருக்கு ஒரே வாசிப்பில் விளங்கும் சொல் வேண்டும்.

கருவியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நீண்ட ஆங்கிலக் கடிதத்தின் சாரத்தை நிமிடத்தில் தருகிறது, அது லேசான உதவியில்லை. வகுப்பில் மட்டும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் மாணவர் எழுதட்டும், பிறகு கருவி எழுதட்டும். இரண்டிலும் வினைமுற்றுகளுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போடச் சொல்லுங்கள். 'வேண்டும்', 'கூடாது', 'லாம்'. அரை மணி நேரம் போதும்.