இரவின் காற்றொதுக்கு: வான் சான்ட் சொன்ன வழி எதுவரை?

புளோரிடாவிலிருந்து பஹாமாஸ், டொமினிகன் குடியரசு, பியூர்ட்டோ ரிக்கோ வழியாகக் கரீபியனின் கிழக்குத் தீவுகளுக்குப் போகும் தடத்தைப் பாய்மரப் படகுக்காரர்கள் முள்பாதை என்பார்கள். போகவேண்டிய திசை கிழக்கும் தென்கிழக்கும். வியாபாரக் காற்று வீசுவதும் அங்கிருந்துதான். குளிர்காலத்தில் 15 முதல் 20 நாட் வேகம் அங்கே வாடிக்கை. கிறிஸ்துமஸை ஒட்டி 25ஐயும் தொடும். இந்தப் பாதையின் முள்ளை எடுத்துவிட்டதாகச் சொன்னவர் புரூஸ் வான் சான்ட். பல பதிப்புகள் கண்ட அவருடைய 'தி ஜென்டில்மேன்ஸ் கைடு டு பாசேஜஸ் சவுத்' நூலை அந்தக் கடலில் வேதம்போலப் படிப்பவர்கள் உண்டு. ஆகவே எந்தக் கடலுக்கு எழுதிய வேதம் அது என்று கேட்டாக வேண்டும்.

அவர் சொல்வது இரண்டு. ஒன்று, காற்று தணியும்வரை நங்கூரத்தில் கிட. மற்றது, உயர்ந்த மலையுள்ள தீவின் கரையை ஒட்டி இரவில் போ. இரண்டாவதன் அடிப்படை எளிது. பகலில் நிலம் சூடேறிக் கடற்காற்று எழும். அது வியாபாரக் காற்றோடு சேர்ந்து கரையோரத்தில் இன்னும் ஊதும். இரவில் மலை குளிர்ந்ததும் கனத்த காற்று சரிவில் இறங்கிக் கரைக்கு வந்து, வியாபாரக் காற்றைக் கடலுக்குள் தள்ளிவிடும்; கரையோரத்தில் காற்றுத் தணிந்த ஒதுக்கு ஒன்று உண்டாகும். டொமினிகன் குடியரசு இருக்கும் ஹிஸ்பானியோலா தீவில் மலைகள் 3,000 மீட்டரைத் தாண்டுகின்றன. பியூர்ட்டோ ரிக்கோவில் 1,338 மீட்டர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, காற்று விழித்துக்கொள்ளும் எட்டு, ஒன்பது மணிக்குள் அடுத்த குடாவில் நங்கூரம் போட்டுவிடலாம். கரைக்காற்றில் இருட்டோடு கட்டுமரம் தள்ளிய நம் சோழமண்டலக் கரை மீனவருக்கு இது புதுச்செய்தி அல்ல. வான் சான்ட் செய்தது அதைக் குடாக்குடாவாகவும் மணிக்கணக்காகவும் எழுதிவைத்தது. சிறிய வேலையல்ல அது.

நூலின் உச்சம், ஹிஸ்பானியோலாவுக்கும் பியூர்ட்டோ ரிக்கோவுக்கும் இடையிலுள்ள மோனா நீரிணை. மாலையில் பியூர்ட்டோ ரிக்கோவின் மேற்குப் பகுதியில் திரளும் இடிமேகங்கள் நீரிணைக்குள் மேற்கே நகரும். ஆகவே டொமினிகன் குடியரசின் சமானாவிலிருந்து வருபவர் ஹவர்கிளாஸ் திட்டுக்கு வடக்கே ஒதுங்கி, மேகங்களைக் கடந்துபோக விட்டுப் பிறகு திரும்ப வேண்டும் என்கிறார். மலை, வெப்பம், கடலடித் திட்டு, கடிகாரம் நான்கையும் ஒரே கணக்கில் கோத்த யோசனை இது.

கைப்பேசியிலேயே காற்றுக் கணிப்பு வரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பார் உண்டு. இந்த எதிர்வாதம் பாதிதான் சரி. ஜிஎஃப்எஸ் போன்ற உலகளாவிய கணிப்பு படகுக்காரர் கைக்கு வருவது பெரும்பாலும் கால் பாகைக் கட்டங்களாக, அதாவது ஒரு கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கரையிலிருந்து சில மைல் அகலமே உள்ள இரவு ஒதுக்கு அந்த ஒரே கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். திரை கண்ணில்லாமல் நிற்கும் அந்த இடத்தில்தான் பழைய நூல் பேசுகிறது. ஆனால் மூன்று நாளில் காற்று தணியுமா, குளிர்முகம் எப்போது வந்து திசையைத் தெற்குக்கும் மேற்குக்கும் திருப்பும் என்ற கேள்விக்குக் கணிப்பையே நம்ப வேண்டும்.

இரவில் போ என்ற வாதம் உடையும் இடம் திறந்த கடல். வர்ஜின் கோர்டாவிலிருந்து செயின்ட் மார்ட்டினுக்கு அனெகாடா நீரிணை வழியே சுமார் 80 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் 16 மணி நேரம். அங்கேயும் இரவில்தான் கடக்கிறார்கள், காரணம் வேறு: மாலை நான்குக்குப் புறப்பட்டால் காலை எட்டுக்கு, வெளிச்சத்தில் பாறை பார்த்து நுழையலாம். காற்றை அடக்க நடுக்கடலில் மலை ஏது? போதாக்குறைக்கு, வெப்பமண்டலத் திறந்த கடலில் மழைமேகம் மிகுவது பின்னிரவிலும் விடியலிலும். நிலத்துக்கு நேரெதிர். இரவு சாது என்ற நம்பிக்கையைப் பியூர்ட்டோ ரிக்கோ கரையிலிருந்து இங்கே தூக்கி வருபவர், சூறைமழைக்கு நடுவே பாய் சுருக்க வேண்டியிருக்கும். பஹாமாஸிலோ தட்டைத் தீவுகள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பவளத் திட்டுகளைத் தவிர்க்க வேண்டிய ஆழமற்ற கடல். இரவே ஆகாது.

ஒதுக்கு கிடைக்கும் கரையிலும் அது இலவசமில்லை. பெரும்பாலும் எஞ்சின்தான் ஓடும், பாய் பேருக்கு. கரையை ஒட்டினால் மீன்கூடுகளின் கயிறு இருட்டில் விசிறியில் சுற்றும், விளக்கில்லாத படகு எதிரே வரும். மேலும் வியாபாரக் காற்று 20 நாட்டைத் தாண்டிவிட்டால் மலையின் குளிர்காற்றால் அதை அதிக தூரம் தள்ள முடியாது. ஆக, இரவில் போ என்பது காத்திரு என்பதைச் சார்ந்தே நிற்கிறது. இதைப் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள்: ஊர் திரும்பும் விமானச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இரவுதானே என்று 22 நாட் காற்றில் கிளம்பிவிடுகிறார்கள்.

என் தீர்ப்பு: ஹிஸ்பானியோலாவின் வடகரைக்கும் மோனாவுக்கும் பியூர்ட்டோ ரிக்கோவின் தென்கரைக்கும் வான் சான்ட்டைக் கணிப்புத் திரைக்குப் பக்கத்திலேயே விரித்து வையுங்கள். வர்ஜின் தீவுகளுக்குக் கிழக்கே திறந்த நீரிணைகளில் அவருடைய இரவு விதியை விட்டுவிட்டு, காத்திருக்கும் விதியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.