ஓடாமலே ஓடும் ஒரு சொல்: ‘ரன்’ என்பதை ரசிப்பது எப்படி?

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ 1982-இல் வந்தது. நாற்பது வருஷமாக அதைக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் தலைப்புக்கு அர்த்தம் கேட்டிருப்பார்கள்? தப்பி வந்த செயற்கை மனிதர்களை வேட்டையாடும் போலீஸ்காரராக ஹாரிசன் ஃபோர்டு வருகிறார். அவர் கையில் இருப்பது துப்பாக்கி, பிளேடு அல்ல. படத்துக்கு மூலமான ஃபிலிப் கே. டிக் நாவலிலும் இந்தப் பெயர் கிடையாது. அது ஆலன் நர்ஸ் என்ற டாக்டர் 1974-இல் எழுதிய, இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு நாவலின் தலைப்பு. வைத்தியத்தின்மேல் அரசாங்கம் கெடுபிடி வைத்திருக்கும் ஒரு காலம்; கள்ளத்தனமாக ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்குக் கத்தியும் கருவிகளும் கடத்திக் கொடுக்கிறவன்தான் அதில் பிளேடு ரன்னர். பெயர் நன்றாக இருக்கிறது என்று உரிமை வாங்கிப் படத்துக்குச் சூட்டிவிட்டார்கள். கத்தி கடத்துகிறவனுடைய பெயர் போலீஸ்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது.

ரன் என்றால் கடத்துவதா? ஆம். சுங்கக்காரர் கண்ணில் படாமல் சரக்கை ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் கரை சேர்ப்பதற்கும் ஆங்கிலத்தில் ரன்தான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது சாராயம் கடத்தியவர்கள் ரம் ரன்னர்கள். துப்பாக்கி கடத்தினால் கன் ரன்னர். அப்படியானால் காலித் ஹொசைனி 2003-இல் எழுதிய ‘தி கைட் ரன்னர்’ நாவலில் வரும் ரன்னர் பட்டம் கடத்துகிறவனா? இல்லை. காபூலில் பட்டப் போட்டியில் அறுந்து போகும் பட்டத்தின் பின்னால் ஓடி, அது தரையில் விழும் முன் பிடிக்கிறவன். இரண்டு தலைப்பிலும் ஒரே ரன்னர். வேலை வேறு வேறு.

இந்த மாதிரி இடங்களில் நின்று ‘இது ஏன் இங்கே வந்தது?’ என்று கேட்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினைச்சொல் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாளர் கைக்கு வந்தது. அந்த ஒரு சொல்லோடு அவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 2011-இல் வேலை முடிந்தபோது வினையாக மட்டும் 645 பொருள்கள் தேறின. அதற்கு முன் நீண்ட காலம் ‘செட்’ ராஜாவாக இருந்தது: 1989-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் 430 பொருள்கள், அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். 2000-இல் ‘மேக்’ அதை முந்தியது, 2007-இல் ‘புட்’, பிறகு ரன். இந்தப் பந்தயம் அவ்வளவு நியாயமானதும் அல்ல. திருத்தம் ‘எம்’ எழுத்தில் ஆரம்பித்து ‘ஆர்’ வரை வந்த சமயத்தில் ‘எஸ்’ எழுத்துக்கு முறையே வரவில்லை. புதிதாக அளந்த வயலை எப்போதோ அளந்த வயலோடு ஒப்பிட்ட கதை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் ‘டேக்’ என்பதற்கே 134 பொருள் கொடுத்திருந்தார். பொருளை எத்தனையாகப் பிரிப்பது என்பது பாதி பதிப்பாளரின் பொறுமையைப் பொறுத்தது. நாம் பார்க்க வேண்டியது ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்குச் சொல் எப்படித் தாவியது என்பதை.

அதற்குச் செய்ய வேண்டிய முதல் காரியம், காலை மறப்பது. பள்ளிக்கூடத்தில் ரன் என்றால் ஓடு என்று படித்து, ஒரு பையன் ஓடும் படத்தையும் பார்த்துவிட்டோம். அந்தப் பையனை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை வையுங்கள். பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் மனிதன் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் பொது. அதன் ஜெர்மன் உறவினர் இருவரில் ‘ரென்னன்’ காலால் ஓடுவது, ‘ரின்னன்’ நீராக வழிவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. அதனால்தான் மூக்கு ஒழுகினாலும் ரன், துணியில் சாயம் போனாலும் ரன், மெழுகு உருகி வழிந்தாலும் ரன்.

நமக்கு இது புரிய அகராதி தேவையில்லை. ஆறு ஓடுகிறது, அதனால் ஓடை. யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டம் என்பார்கள். ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் அதே உபாதையை ‘தி ரன்ஸ்’ என்பார்கள். அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ரன் என்று பெயர். வர்ஜீனியாவில் புல் ரன் என்று ஒரு ஓடை. 1861 ஜூலை 21-ஆம் தேதி உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை அதன் கரையில் நடந்தது. தெற்கத்தியர் பக்கத்து ஊர்ப் பெயரால் அதை மனாசஸ் போர் என்றார்கள். வடக்கத்தியருக்கு அது புல் ரன் போர். தோற்று, வாஷிங்டன் வரை தலைதெறிக்க ஓடியவர்கள் வடக்கத்தியர்தான். இப்படி ஒரு பெயரைத் தங்கள் தோல்விக்குத் தாங்களே வைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்!

ரன் என்பதில் வேகம் இரண்டாம் பட்சம், தடைபடாமைதான் உயிர் என்பது என் கட்சி. தொடர்ந்து ஐந்து நாள் மழை என்பதற்கு ‘ஃபைவ் டேஸ் ரன்னிங்’ என்பார்கள். காலுறையில் ஒரு இழை விட்டு நீளமாகப் பிரிந்துகொண்டே போனால் அமெரிக்கப் பெண்கள் அதை ரன் என்பார்கள். பிரிட்டிஷ் பெண்களுக்கு அது ‘லேடர்’, ஏணி. நாடகம் விடாமல் நடந்த காலமும் ரன்தான். நம் போஸ்டர்களில் படம் நூறு நாள் ஓடியதைப் போல. இந்தக் கட்சியோடு 645-ஐயும் துழாவினால் பெரும்பாலானவை வசப்படும். வசப்படாதவையும் உண்டு. பால் திரிவதற்கும் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருந்தது. சீஸ் செய்யப் பாலைத் திரிக்கும் பொருளுக்கு ‘ரென்னெட்’ என்று பெயர் வந்தது அந்த வழியில்தான். ஓடுகிற பாலை நிறுத்துவதற்கும் ஓட்டமா? சிதறிக் கிடப்பவை ஒன்றாக ஓடிச் சேர்வது என்று எடுத்துக்கொண்டால் ஒருவாறு பொருந்துகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தபடியாக, ஓடுகிறவரை விட்டு ஓட்டுகிறவரைப் பாருங்கள். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. வண்டி ஓடும், அதை ஒருவர் ஓட்டுவார். ஒரு மெய்யெழுத்து கூடினால் முதலாளி வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் இந்த வேலி இல்லை. குதிரை ஓடினாலும் ரன், குதிரையை ஓட்டினாலும் ரன். வேலி இல்லாததால் சொல் இஷ்டத்துக்கு மேய்ந்தது. குதிரைக்குப் பிறகு கப்பல், பிறகு ஆலை, பிறகு கடை, பள்ளிக்கூடம், தேசம். நாமும் ‘ஏதோ குடும்பத்தை ஓட்டுறேன்’ என்கிறோம். ஆனால் அதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. ‘ரன் எ கம்பெனி’ என்பதில் அது இல்லை. கம்பெனியை நாம் நடத்துகிறோம். அவர்கள் ஓட்டுகிற இடத்தில் நாம் கைபிடித்து நடக்க வைக்கிறோம்.

645-இல் பெரும் பங்கு இந்தப் பக்கம் விளைந்ததுதான், அதற்குக் காரணம் இயந்திரம். நீராவி இன்ஜின், நூற்பாலை, ரயில் என்று ஒவ்வொன்றாக வரவர, காலில்லாமல் இயங்கும் இவற்றுக்கெல்லாம் ஒரு வினை வேண்டியிருந்தது. ‘செட்’ உட்காரவைக்கிற சொல், அது உதவாது. ரன் தயாராக நின்றது. பிறகு மோட்டார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, புரோகிராமையும் ‘ரன்’ பண்ணினார்கள். சாதாரணம், விசேஷமாக ஒன்றுமில்லை என்பதற்கு ‘ரன் ஆஃப் த மில்’ என்கிறார்களே, அதுவும் ஆலை தந்ததுதான்: தரம் பிரிக்காமல் மில்லிலிருந்து அப்படியே வந்து விழும் சரக்கு.

மூன்றாவது வேடிக்கை, ரன்னுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் பொடிச் சொற்கள். ‘ரன் டவுன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்துபோவது, உடம்பு ஓய்ந்துபோவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, காரால் இடித்துத் தள்ளுவது, தேடித் திரிந்து கண்டுபிடிப்பது, எல்லாம் அதுதான். ‘ரன் அப்’ இன்னும் குறும்பு. மலைமேல் ஓடினால் ‘ரன் அப் எ ஹில்’. ஹோட்டலில் கடன் ஏற்றினால் ‘ரன் அப் எ பில்’. காதுக்கு ஒரே ஓசை. இப்போது ஹில், பில் இரண்டையும் எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். பில் என்றால் ‘ரன் இட் அப்’ என்று நடுவில் வந்து உட்காரும். மலை மசியாது; ‘ரன் அப் இட்’ என்று கடைசியில்தான் நிற்கும். ஒன்றில் ‘அப்’ மலையைச் சேர்ந்தது, மற்றதில் ரன்னைச் சேர்ந்தது. இலக்கணப் புத்தகம் ஒரு பக்கம் எழுதுவதை இந்த ஒரு சோதனை காட்டிவிடும். தையற்காரர் ஒரு சட்டையை அவசரமாகத் தைத்துக் கொடுத்தால் அதுவும் ரன் அப். அது பில் கட்சியா, மலைக் கட்சியா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை யாருமே ஓடாத ஓட்டங்கள். கிரிக்கெட்டில் ஆரம்ப காலத்தில் குச்சியில் வெட்டு வெட்டிக் கணக்கு வைத்தார்கள். அதனால் எண்ணிக்கைக்கு ‘நாட்ச்’ என்றே பெயர் இருந்தது. பிறகு ரன் வந்தது, ஓடித்தானே எடுக்கிறார்கள் என்று. இன்று மட்டையாளர் சிக்ஸர் அடித்துவிட்டு மட்டையில் சாய்ந்து நிற்கிறார், ஆறு ரன். ‘ஆறு ஓட்டங்கள்’ என்கிறது வர்ணனை. ஓடியவர் பந்து பொறுக்கப் போனவர் மட்டும்.

வங்கி ஓட்டமும் அப்படியே. போட்ட பணம் போய்விடுமோ என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வங்கிக்குப் பாய்வது ‘பேங்க் ரன்’. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பதற்குப் பெயர் ஓட்டம் என்பது அப்போதே விசித்திரம். 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வெளியே எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். அதில் பெரும்பகுதி உட்கார்ந்த இடத்திலிருந்து, விரல் நுனியில். மறுநாள் வங்கியை மூடினார்கள். மனிதர்கள் நின்றுவிட்டார்கள், பணம் நீராக ஓடியது.

தேர்தலில் அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் நிற்கிறார்கள். ஒரே பதவிக்கு அங்கே ‘ரன்’, இங்கே ‘ஸ்டாண்ட்’. நம் ஊரிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார், ஓடுவதெல்லாம் தொண்டர்கள்.

‘ரன் த காண்ட்லெட்’ என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரு பக்கமும் நின்று அடிப்பவர்களுக்கு நடுவே குற்றவாளியை ஓடவிடும் ராணுவத் தண்டனை அது. ஸ்வீடிஷ் மொழியில் ‘காட்லொப்’, தெரு ஓட்டம் என்று பொருள். ஆங்கிலேயர் காதில் அது கையுறையைக் குறிக்கும் காண்ட்லெட்டாக விழுந்தது. அதிலேயே ஓட்டம் இருப்பது தெரியாமல் முன்னால் இன்னொரு ரன்னையும் மாட்டினார்கள். ‘நடு சென்டர்’ என்று சொல்லும் நாம் சிரிக்க முடியாது.

இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் அகராதியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மாணவர்களுக்கான அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும். பரீட்சைக்கு அது நல்லது, ரசனைக்கு உதவாது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி காலவரிசையில், ஒவ்வொரு பொருளுக்கும் பழைய எடுத்துக்காட்டுகளோடு அடுக்கும். நூலகத்தில் ‘ரன்’ பக்கத்தைத் திறந்து, பொருள் விளக்கங்களைத் தாண்டி எடுத்துக்காட்டுகளை மட்டும் படியுங்கள். முதலில் ஆறுகளும் குதிரைகளும் வரும், நடுவில் கப்பல்களும் கடன்காரர்களும், பிறகு ஆலையும் ரயிலும். அதோடு அன்றைய ஆங்கில நாளிதழ் ஒன்றும் பென்சிலும் போதும். வானிலைப் பக்கத்தில் மழைநீர் வழிந்தோடுவது ‘ரன் ஆஃப்’. வெளிநாட்டுப் பக்கத்தில் பிரான்ஸ் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றும் ‘ரன் ஆஃப்’. இரண்டையும் வட்டமிட்டு, எது நீர்ப் பக்கத்திலிருந்து வந்தது, எது பந்தயத்திலிருந்து வந்தது என்று எழுதிப் பாருங்கள்.

ரன் அலுத்தால் பழைய ராஜா செட்டிடம் போகலாம். சூரியன் மறைவதும் செட், சிமென்ட் இறுகுவதும் செட். அதற்கு நாம் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சமல்ல. தோசைக்கு முன்னால் வைத்தோம். பம்புசெட் என்று ஒரு குளிக்கும் இடத்தையே உண்டாக்கினோம். பெண் பார்த்துவிட்டு வந்து ‘நமக்கு செட் ஆகாது’ என்று சொல்கிறோமே, அந்தச் செட்டை ஆக்ஸ்போர்டின் 430-இல் தேடிப் பாருங்கள்.