மரத்த நாக்குக்குக் காவல்

குதிரைக்கு முழு மயக்கம் கொடுப்பது எளிய காரியமல்ல. 500 கிலோ உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசையும் நரம்பும் நசுங்கும். தெளிந்து எழும் தடுமாற்றத்தில் கால் எலும்பே முறிவதுண்டு. ஜான்ஸ்டன் குழுவினர் 2002இல் வெளியிட்ட பேராய்வில், குடல் நோய்க்காக அல்லாமல் வேறு அறுவைக்காக மயக்கப்பட்ட குதிரைகளிலும் 0.9 விழுக்காடு இறந்திருந்தன. ஆகவே, நிற்கவைத்தே கிறக்க மருந்து தந்து, அறுக்கும் இடத்து நரம்பை மட்டும் ஊசியால் மரக்கச் செய்யும் முறை பெரிய வரம். முழு மயக்கத்தோடு சேர்த்துச் செய்தாலும், உள்ளிழுக்கும் மயக்க மருந்தின் அளவைக் குறைக்க அது உதவும்.

அந்த வரத்துக்கும் விலை உண்டு. ஒருவகைத் தீங்கு ஊசி முனையால் வருவது. கண்ணுக்குப் பின்னால் குத்தும்போது ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கட்டலாம். அனிச்சையாக இதயத் துடிப்பு சரியலாம். அல்ட்ராசவுண்ட் துணையும் தேர்ந்த கையும் இவ்வகையைப் பெருமளவு குறைக்கும்.

மற்றொரு வகைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அது மருந்து சரியாக வேலை செய்வதாலேயே வருவது. கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கத் தாடை நரம்பை மரக்கச் செய்கிறோம். அருகிலேயே நாக்கின் நரம்பும் ஓடுகிறது. மருந்து அங்கும் பரவினால், பசியோடு மெல்லும் குதிரை தன் நாக்கையே கடித்துக் குதறிக்கொள்ளும். இமை மரத்தால் கண் சிமிட்டாது, கருவிழி உலரும். காலின் மேற்பகுதி நரம்பு மரத்தால் தசையும் கட்டுக்கு அடங்காது. எழும் குதிரை இடறி விழும். வலி ஒரு காவலாளி; அவனை உறங்கவைத்தவர்கள் அவன் விழிக்கும்வரை காவல் நிற்க வேண்டும்.

மருந்துத் தேர்விலும் இதே சிக்கல்தான். புபிவக்கெய்ன் நெடுநேரம் வலி தணிக்கும். மரப்பும் அவ்வளவு நேரம் நீளும். தாடை அறுவைக்கு, விரைவில் தெளியும் மெபிவக்கெய்னைக் குறைந்த அளவில் செலுத்தி, பிந்தைய வலியை வேறு வலி மருந்துகளால் தணிப்பதே நல்லதென்பேன்.

இக்குறைகளுக்காக முறையைக் கைவிடச் சொல்வது, குதிரையை மீண்டும் பெரிய ஆபத்துக்குள் தள்ளுவதாகும். ஆனால் தையல் போட்டதும் அறுவை முடிந்ததென்று கருதும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நாக்கைத் தொட்டால் குதிரை வெடுக்கென்று உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை தீவனத் தொட்டி காலியாகவே இருக்கட்டும்.