நிறைநலமும் நீர் மருத்துவமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதில் மருந்து ஒன்றின் பெயரையும் கூறினாரல்லர். அளவறிந்து உண்பதையே பெரிதும் வற்புறுத்தினார். திருமூலர் உடம்பை இறைவன் உறையும் இல்லமாகப் போற்றினார். ஆதலின், உடல்நலமும் உள்ளநலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்னும் உண்மை தமிழர்க்குப் புதிதன்று.

ஆயினும், கிறிஸ்துவைப் பின்செல்லும் நாம் உடல்நலத்தை வாழ்வின் எந்த இடத்தில் வைப்பது என்னும் வினா இன்று புதிய வலிவோடு எழுந்துள்ளது. ‘முழுமனித நலம்’ என்ற பெயரில் உணவுமுறைகளும் மூச்சுப் பயிற்சிகளும் தியான முகாம்களும் பெருகிவிட்டன. அவற்றை ஒரேயடியாகத் தள்ளுவாரும் உளர். கண்ணை மூடிக்கொண்டு ஏற்பாரும் உளர். இரண்டும் முறையன்று. இத்துறையில் முன்னோடியாக நின்ற ஒரு கத்தோலிக்கக் குருவின் நூலை எடைபோட்டுப் பார்த்தால் நமக்குத் தெளிவு பிறக்கலாம். ஜெர்மானியரான செபஸ்தியான் க்னைப் அடிகளார் 1886ஆம் ஆண்டு வெளியிட்ட ‘என் நீர் மருத்துவம்’ என்பதே அந்நூல். நாம் அதனை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தோம்.

எழுதியவர்

க்னைப் அடிகளார் 1821 மே 17ஆம் நாள் பவேரியாவின் சிற்றூர் ஒன்றில் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்தார். இளமையில் தறியில் அமர்ந்து உழைத்தார். குருவாக வேண்டும் என்னும் வேட்கையோடு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், வீடு தீப்பற்றியபோது சாம்பலாயிற்று. உறவினரான ஒரு குருவின் துணையால் படிப்பைத் தொடங்கியவரை நுரையீரல் நோய் பற்றிக்கொண்டது. அது காசம் என்றே கருதப்பட்டது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர்.

அந்நிலையில், குளிர்ந்த நீரின் ஆற்றல் பற்றி 18ஆம் நூற்றாண்டு மருத்துவர் யோகான் சிக்மண்ட் ஹான் எழுதிய நூல் அவர் கைக்கு எட்டியது. 1849ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் டில்லிங்கன் நகரை ஒட்டி ஓடும் டான்யூப் ஆற்றில் சிறிது நேரம் மூழ்கி எழுந்து, விரைந்து நடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டார். நலம் பெற்றார், 1852இல் குருவானார். 1855இல் வோரிஷோபன் என்னும் ஊரில் தொமினிக்கன் கன்னியர் மடத்தின் ஆன்ம குருவாகச் சென்றவர், 1881இல் அவ்வூரின் பங்குத்தந்தையானார். போலி மருத்துவர் என்னும் பழிச்சொல்லைத் தாங்கியபடியே, தம்மை நாடி வந்தோர்க்குத் தொண்டாற்றினார்.

நூலின் நிறைகள்

நூல் மூன்று பகுதிகளைக் கொண்டது. நீரைப் பயன்படுத்தும் முறைகளை முதற்பகுதி விளக்குகிறது. கால்களின் மீதும் முதுகின் மீதும் நீரை வார்த்தல், ஈரத்துணியால் உடலைச் சுற்றுதல், காலைப் பனி படிந்த புல்மீது வெறுங்காலால் நடத்தல் முதலியன அவை. இரண்டாம் பகுதி மூலிகைகளைப் பற்றியது. சோம்பு, வெந்தயம், கற்றாழை என்று நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் கொல்லையிலும் உள்ளவற்றை அங்குக் காணும்போது நமக்கு வியப்பும் உறவுணர்வும் தோன்றுகின்றன. மூன்றாம் பகுதி, நோய்களையும் அவை நீங்கிய வகைகளையும் எடுத்துரைக்கிறது.

இந்நூலின் முதற்சிறப்பு, இது ஏழைகளின் நூல் என்பது. இதிலுள்ள மருந்துகள் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டாதவை. தண்ணீர், துணி, புல்தரை, வேலிப்பூண்டு ஆகியவற்றுக்கு வறியவன் எவரிடமும் கையேந்த வேண்டுவதில்லை.

இரண்டாவது சிறப்பு, அதன் மென்மை. தாம் தொடக்கத்தில் கையாண்ட கடுமையான முறைகளை மும்முறை மாற்றி, மேலும் மேலும் மென்மையை நோக்கி இறங்கி வந்ததாக அடிகளார் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். உடலைத் துன்புறுத்துவதே ஒறுத்தல் எனத் தவறாகக் கருதிய பக்தி மரபுகள் நம்மிடையே இருந்ததுண்டு. அவற்றினூடே வளர்ந்த ஒரு குரு, நோயாளியின் உடல் தாங்கும் அளவறிந்து நடக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். ஆன்ம வழிகாட்டிகளாகிய நமக்கும் அதில் பாடம் உண்டு. சாவை வேண்டிச் சோர்ந்து படுத்த எலியாவுக்கு இறைத்தூதர் முதலில் அறிவுரை வழங்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டார் என்பதை அரசர்கள் முதல் நூலில் காண்கிறோமன்றோ?

மூன்றாவது சிறப்பு, வாழ்வை முழுமையாகக் காணும் பார்வை. 1889இல் அவர் எழுதிய அடுத்த நூலில் உணவு, உடை, ஒளி, காற்று, குழந்தை வளர்ப்பு யாவும் இடம்பெற்றன. நீர், மூலிகை, உடலியக்கம், உணவு, வாழ்வொழுங்கு என்று பின்வந்தோர் அவற்றை ஐந்து தூண்களாக வகுத்தனர். மனிதர் உடலும் ஆன்மாவும் இணைந்த ஒரே முழுமை. எனவே உடலை இகழ்தல் ஆகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கூறியதை அடிகளார் தம் தொண்டிலேயே முன்னர்க் காட்டிவிட்டார் எனலாம்.

நூலின் குறைகள்

குறைகளையும் மறைக்காது கூற வேண்டும். இரத்தத்தில் சேரும் கேடான பொருள்களே நோய்க்குக் காரணம். அவற்றைக் கரைத்து வெளியேற்றி உடலை உரப்படுத்துவதே நீரின் பணி என்பது அடிகளாரின் கொள்கை. நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1882இல், காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்துவிட்டார். இன்று காசம் மாத்திரைகளால் குணமாகிறது. அவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை விடுத்து ஆற்றில் மூழ்குவோமாயின் அது நம்பிக்கையன்று, பேதைமை. மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞானமும் நம் திருநூலில் உள்ளதே.

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. குணமாகக்கூடிய நோய்கள் அனைத்தையும் நீர் குணமாக்கும் என்கிறார் அடிகளார். அப்படியாயின், குணமாகாதவர் நிலை என்ன? மூன்றாம் பகுதியில் வரிசையாக நலம் பெற்றோரையே நாம் மிகுதியும் சந்திக்கிறோம். நலம் பெறாதவர் அந்த வரிசையில் தமக்கோர் இடம் தேடித் தவிப்பார்.

இது வெறும் ஏட்டு வினாவன்று. நம் பங்கில் கால்கள் செயலிழந்து படுக்கையில் கிடந்த ஒரு தாய்க்கு நற்கருணை கொண்டு சென்றோம். வந்தவரெல்லாம் ஆளுக்கொரு பத்தியமும் ஆளுக்கொரு செபமும் சொல்லிப் போயிருந்தனர். அவர் எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தார். “சாமி, நான் எதில் தவறிட்டேன்? சாப்பாட்டிலயா, விசுவாசத்திலயா?” என்று கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. முறையாக வாழ்ந்தால் நலம் உறுதி என்று ஓயாது சொல்லும்போது, நோயுற்றவர் முறை தவறியவர் என்னும் தீர்ப்பையும் நம்மை அறியாமலே வழங்கிவிடுகிறோம். யோபுவின் நண்பர்கள் செய்த பிழை இதுவே.

ஒரே ஆண்டில் இருவர்

உடல்நலத்தைக் கற்பித்த க்னைப் அடிகளார் 1897 ஜூன் 17ஆம் நாள் தம் 76ஆம் வயதில் நோயுற்று மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிரான்சு நாட்டு லிசியே கார்மேல் மடத்தில் ஓர் இளங்கன்னி காசநோயால் உயிர் நீத்தார். வயது 24. அவரே குழந்தை இயேசுவின் தெரேசாள். தம் வரலாற்றின் இறுதிப் பகுதியை அவர் எழுதியது உயிர் நீத்த அந்த ஆண்டின் கோடையில்தான். நோய் முற்றிய நிலையில் எழுதியும் முடிக்க முடியவில்லை. திருச்சபை அவரை 1925இல் புனிதராகவும், 1997இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது.

காசம் எனக் கருதப்பட்ட நோயினின்று மீண்டார் ஒருவர். காசத்தாலேயே மாண்டார் மற்றவர். நலமே வாழ்வின் அளவுகோல் என்றால் முன்னவர் வென்றவர், பின்னவர் தோற்றவர். நம் மறையின் கணக்கோ வேறு. உடல்நலம் இறைவனின் கொடை. அதைப் பேணுதல் நம் கடமை. ஆயினும் உடலை வழிபடும் போக்கைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எச்சரிக்கிறது. நோயைவிட நலத்தையே விரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாத மனவிடுதலையைப் புனித இஞ்ஞாசியார் கேட்கிறார். உயிர்த்த ஆண்டவர் தழும்பற்ற உடலோடு தோன்றவில்லை. காயங்களைக் காட்டியே தம்மை அடையாளப்படுத்தினார். நிறைநலம் என்பது காயமின்மை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடிகளாரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நூலில் விடுபட்டதை அவர் தம் செயலால் நிறைவு செய்தார். 1893இல் நோயுற்ற சிறாருக்கென இல்லம் ஒன்றை அமைத்தார். அவருடைய நூலைவிட அந்த இல்லமே அவரது அருள்பணியின் சிறந்த விளக்கவுரை என்போம். இன்று அவர் பெயர் குளியல் உப்புப் பொட்டலங்களில் அச்சாகி விலைக்கு வருகிறது. ஏழைக்கு இலவசமாகக் கிடைக்கும் தண்ணீரைப் போற்றியவர்க்கு நேர்ந்த நிலை இது.

நம் கடமை

அளவான உணவு, உழைப்பு, ஓய்வு, ஒழுங்கான செபம் ஆகியவற்றை நம் மக்களுக்குக் கற்பிப்போம். மது குடும்பங்களைக் குலைக்கும் நம் ஊர்களில் இது மறைப்பணியே. அத்தோடு, நலம் பெறாதவர் அருகில் அமரவும் கற்றுக்கொள்வோம். முன்னர் அவஸ்தைப் பூசுதல் எனச் சாவின் வாசலுக்கு ஒதுக்கப்பட்ட அருளடையாளத்தைச் சங்கம் நோயில்பூசுதலாக மீட்டுத் தந்தது, நோயுற்றோர் எவரும் தனியே விடப்படலாகாது என்பதற்காகவே.

அந்தத் தாயிடம் மறுவாரம் மீண்டும் சென்றோம். “அம்மா, நீங்கள் எதிலும் தவறவில்லை” என்றோம். அவர் குணமாகவில்லை. ஆனால் அன்று முதல் தமக்காக மட்டுமன்றி, தெருவிலுள்ள மற்ற நோயாளிகளின் பெயர்களைச் சொல்லியும் செபமாலை சொல்லத் தொடங்கினார். நிறைநலம் என்றால் என்னவென்று கேட்போர்க்கு இனி நாம் காட்டக்கூடியது அந்தக் கட்டிலைத்தான்.