வாஞ்சியின் சட்டைப்பையில் 3000 பேர்

மொட்டைக் கடுதாசிக்கு ஒரு குணம் உண்டு. எழுதினவன் யாருன்னு தெரியாது, ஆனா ஊர்ல ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க. 1888-ல் லண்டன் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்த கடிதத்தில்தான் ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயரே பிறந்தது. அதை ஒரு பத்திரிகைக்காரர் எழுதியிருப்பார் என்று போலீஸ் அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். பெயர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

நம்ம மணியாச்சிக் கடிதத்தில் இது அப்படியே தலைகீழ். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை ரயில் பெட்டிக்குள் சுட்டுவிட்டு, அதே ஸ்டேஷன் கழிப்பறையில் தன்னையும் சுட்டுக்கொண்டார் வாஞ்சிநாதன். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. மறைக்க எதுவுமில்லாத கடிதம். ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேலாகத் தப்பாகவே வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

ஒரு தரப்பு அதில் வ.உ.சி.க்கான பழிவாங்கலைப் பார்க்கிறது. கடிதத்தில் வ.உ.சி. இல்லை, கப்பலும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் ஆஷ் பெயரே இல்லை! இன்னொரு தரப்பு அக்ரஹாரத் தெரு வழியாக ஒரு பெண்ணை ஆஷ் வண்டியில் கூட்டிப் போன கதையைச் சொல்கிறது. அந்தக் கதை வாட்ஸப்பில் கிடைக்கிறது, கடிதத்தில் கிடைக்கவில்லை. அதற்காக சாதிக் கேள்வியையே ஒதுக்கிவிட முடியாது. சனாதன தர்மம் மிதிபடுகிறது, மாட்டிறைச்சி தின்கிற மிலேச்சனுக்கு இங்கே முடிசூட்டுவதா என்று கேட்பது அந்தக் கடிதமேதான். வாஞ்சியைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வரிகளை மெல்லத் தாண்டிப் போவதை நிறைய மேடைகளில் கேட்டாச்சு.

நான் நிற்கிற இடம் வேறு. ஐந்தாம் ஜார்ஜ் இந்த மண்ணில் கால் வைத்ததும் கொல்வதாக 3000 பேர் சபதம் எடுத்திருக்கிறார்கள், அவர்களில் கடைசி ஆள் நான் என்கிறார் வாஞ்சி. யார் அந்த 3000 பேர்? வழக்கில் நிறுத்தப்பட்டது 14 பேர், தண்டனை பெற்றது 9 பேர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு. டிசம்பர் 2-ல் ஜார்ஜ் பம்பாயில் இறங்கினார், 12-ல் டெல்லி தர்பார் நடந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

அப்போ பொய்யா? மிரட்டல் என்று படித்தால் பிடிபடும். இது போலீஸ் கைக்குப் போகும் என்று தெரிந்தே எழுதப்பட்ட கடிதம். சோதனைகளில் சிக்கிய ‘ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்’ துண்டுப் பிரசுரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவர் பெயர் கிடையாது. அச்சகத்தின் பெயரோ ‘பரங்கியரை அழிக்கும் அச்சுக்கூடம்’ என்ற அர்த்தத்தில். எந்தத் தெருவில் போய்த் தேடுவான் போலீஸ்காரன்? ஆளை மறைத்து கூட்டத்தைப் பெருக்கிக் காட்டுகிற அதே வேலையை, தன் பெயரைப் போட்டுக்கொண்டே செய்கிறார் வாஞ்சி. ஒரு கையெழுத்துக்குப் பின்னால் 3000 மொட்டைக் கடுதாசிகள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் நிஜமாகவே பிளாட்பாரத்தில் இருந்தார். வாஞ்சியோடு வந்து, சுட்டதும் ஓடிய இளைஞர். மாடசாமி என்றது விசாரணை. கடைசிவரை பிடிபடவில்லை.