குறைத்தலும் குன்றலும்: தொடக்கக் காலக் கைக்கணினிகள் பற்றிய ஓர் ஒப்பாய்வு

பேரகராதி ஒன்றைச் சுருக்கிக் கையகராதியாக்க முனையும் புலவர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எதைச் சேர்ப்பது என்பதன்று. எதை விடுவது என்பதே. வேண்டாத சொல்லை விட்டால் நூல் கைக்கு அடங்கும். வேண்டிய சொல்லை விட்டால் கைக்கு அடங்கியும் பயனில்லை. நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக வகுத்தபோது, பொருளைக் குறைபடச் சொல்வதை முதலிலும், மிகுத்துச் சொல்வதை அடுத்தும் வைத்தார். நூலுக்கு வகுத்த அந்த இலக்கணம் கருவிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பது என் கருத்து. 1989 முதல் 1997 வரை மேலைநாடுகளில் தோன்றிய கைக்கணினிகள் சிலவற்றை அவ்வளவுகோல் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மறைந்துபோன கருவிகளைப் பற்றி இன்று எழுதுவானேன் என்று கேட்கலாம். இன்று பலருடைய சட்டைப்பையிலும் ஒரு கணினி இருக்கிறது. கைப்பேசி என்பது அதன் பெயர். அதில் படிப்பது எளிது. பார்ப்பது அதனினும் எளிது. பத்துப் பக்கக் கட்டுரை எழுதுவதோ அரிது. இந்நிலை தானாக வந்ததன்று. எதை விடுவது என்று முன்னைய தலைமுறைப் பொறியாளர்கள் செய்த முடிவுகளில் அதன் வேர் இருக்கிறது. மாணவர் கையில் எழுதும் கருவியைக் கொடுப்பதா, பார்க்கும் கருவியைக் கொடுப்பதா என்று எண்ணிப் பார்க்கும் ஆசிரியர்களுக்கு இவ்வரலாறு பயன்படும்.

சுருங்காத மூன்று

கணினியின் மூளையாகிய சில்லு ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் மூன்று பொருள்கள் சுருங்கவில்லை. மனிதனின் விரல் ஒன்று. அவனுடைய கண் ஒன்று. கடையில் கிடைக்கும் பேட்டரி ஒன்று. மேசைக் கணினியின் விசைப்பலகையில் ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையே ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் உண்டு. ஒரு வரிசையில் பத்து எழுத்து என்றாலே 19 சென்டிமீட்டர் ஆகிவிடும். அது சட்டைப்பைக்குள் நுழையாது. திரையைப் பெரிதாக்கினால் கண்ணுக்கு இன்பம், பைக்குத் துன்பம். திரைக்குப் பின்னே விளக்கு வைத்தால் இரவிலும் படிக்கலாம்; ஆனால் பேட்டரி விரைவில் தீரும். ஆகவே ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். எதைக் கொடுத்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு கருவியின் குணமும் அடங்கியிருக்கிறது.

ஒரே ஆண்டில் இரு வழிகள்

1989இல் அட்டாரி நிறுவனம் போர்ட்ஃபோலியோ என்னும் கருவியை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர்கள் இங்கிலாந்தின் டி.ஐ.பி. நிறுவனத்தார். எடை ஏறக்குறைய அரைக் கிலோ. உணவு மூன்று ஏ.ஏ. பேட்டரி, விலை 400 அமெரிக்க வெள்ளி. அக்காலத்து மேசைக் கணினிகளில் வழங்கிய டாஸ் முறைக்குப் பெரிதும் ஒத்தே இதுவும் இயங்கியது. விலையும் எடையும் குறைந்தன, திரையும் குறைந்தது. மேசைக் கணினியின் திரை வரிக்கு 80 எழுத்தாக 25 வரி காட்டும். இதுவோ 40 எழுத்தாக 8 வரிதான் காட்டும். 2,000 எழுத்து இருந்த இடத்தில் 320 எழுத்து! ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மேசைக் கணினிக்காக எழுதப்பட்ட மென்பொருளை இத்திரையில் ஓட்டுவது, சாவித் துளை வழியே கோபுரத்தைப் பார்ப்பது போன்றது.

அதே ஆண்டில் வந்த போக்கெட் பி.சி. என்னும் அமெரிக்கக் கருவி இதற்கு நேர்மாறானது. 80 எழுத்து, 25 வரி என்னும் முழுத் திரையையும் அது விடவில்லை. இரண்டே ஏ.ஏ. பேட்டரிகளில் பல மணி நேரம் இயங்கியது. இஃது எவ்வாறு இயன்றது? ஒரு விசையை அழுத்தியதற்கும் அடுத்த விசையை அழுத்துவதற்கும் இடைப்பட்ட கணப்பொழுதில் அதன் சில்லு உறங்கிவிடும். மனிதன் மெதுவாக எழுதுகிறான் என்னும் உண்மையையே சேமிப்பாக்கிய அந்நுட்பம் பாராட்டுக்குரியது. ஆனால் விலை ஏறக்குறைய 2,000 அமெரிக்க வெள்ளி. எதையும் விடமாட்டேன் என்ற கருவியை வாங்குவோர் பலர் விட்டுவிட்டனர்.

எண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று

எண்ணும் எழுத்தும் கண் என்பது நம் முன்னோர் கொள்கை. 1991இல் அவ்விரு கண்ணுக்கும் தனித்தனியே ஒரு கருவி தோன்றியது.

எண்ணுக்குத் தோன்றியது ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தின் 95எல்எக்ஸ். எடை ஏறத்தாழ 300 கிராம். விலை 699 வெள்ளி. லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் அதன் உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. அதன் விசைப்பலகையை நோக்குக. இடம் இவ்வளவு அரிதாயிருந்தும், வலப்பக்கத்தில் எண்களுக்கெனத் தனிக் கட்டம் ஒதுக்கியிருந்தனர். அதனால் எழுத்து விசைகள் நெருங்கின; பத்து விரலால் தட்ட இயலாது, இரு கட்டைவிரலே துணை. இது பிழையா? அன்று. வாங்குவோர் வணிகரும் பொறியாளரும் என்று முதலிலேயே தெளிந்து, அவர்களுக்கு மிகவும் வேண்டியதைக் காத்து, குறைவாக வேண்டியதைக் கொடுத்தனர். திரை 40 எழுத்து, 16 வரியாக இருந்த குறையும் 1993இல் வந்த 100எல்எக்ஸில் நீங்கிற்று. 1994இல் வந்த 200எல்எக்ஸ் அவ்வழியின் முதிர்ச்சி. அதன் முதுகில் சிங்கப்பூரில் செய்யப்பட்டது என்ற குறிப்பைக் காணலாம். 1999இல் உற்பத்தி நின்ற பின்னரும் அதனைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியோர் பலர்.

எழுத்துக்குத் தோன்றியது இலண்டனில் டேவிட் பாட்டர் தொடங்கிய சையான் நிறுவனத்தின் சீரீஸ் 3. இவர்கள் விட்டது சிறிய பொருளன்று. டாஸ் முறையையே விட்டனர். மேசைக் கணினியின் மென்பொருள் எதுவும் இதில் ஓடாது. அஃது ஓடுவதனால் வரும் நன்மை யாவும் போயிற்று. ஈடாகப் பெற்றது என்னை? சிறு திரைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள், ஒன்றை மூடாமலே மற்றொன்றுக்கு மாறும் வசதி, இரண்டு ஏ.ஏ. பேட்டரியில் பல நாள் வாழ்வு. அப்பேட்டரிகளையும் கீல் இருக்கும் உருளைக்குள்ளேயே வைத்து, இடத்தை மிச்சப்படுத்தினர்.

1997இல் வந்த சீரீஸ் 5 இவ்வழியின் உச்சம். மார்ட்டின் ரிடிஃபோர்டு வடிவமைத்த அதன் கீல் ஒரு வியப்பு. மூடியைத் திறந்தால் விசைப்பலகை முன்னோக்கி வழுக்கி வரும். திரை சாய்ந்து உடலின் மேல் நிலைகொள்ளும். இதனால் இருபயன் விளைந்தது. மூடிய பெட்டியின் அகலத்தைவிடக் கூடிய இடம் விரலுக்குக் கிடைத்தது ஒன்று. தொடுதிரையை அழுத்தினால் கருவி மல்லாந்து விழாமல் நின்றது மற்றொன்று. ஏறக்குறைய 350 கிராம் எடையில், பக்கம் பக்கமாக எழுதத்தக்க விசைப்பலகை! குற்றம் இல்லாமலில்லை. திரை மங்கலாக இருந்தது. திரையையும் உடலையும் இணைத்த பட்டைக் கம்பி, திறந்து மூடி மடங்கியே பலருக்கு அறுந்தது. எந்தக் கீலால் அக்கருவி சிறந்ததோ, அந்தக் கீலே அதன் நோயும் ஆயிற்று.

எழுதுகோலும் மரக்கட்டையும்

விசைப்பலகையையே விட்டுவிட்டால் என்ன என்று எண்ணியவர்கள் ஆப்பிள் நிறுவனத்தார். 1993இல் வந்த நியூட்டன் மெசேஜ்பேட், எவர் எழுதும் கையெழுத்தையும் தானே படித்துக்கொள்ளும் என்று உலகுக்கு வாக்களித்தது. வாக்குப் பெரிது; செயல் சிறிது. கையெழுத்தைத் தவறாகப் படித்த அதன் இயல்பு டூன்ஸ்பரி என்னும் செய்தித்தாள் சித்திரத்தொடரில் நகைப்புக்கு ஆளாயிற்று. உருவமும் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீளம், 11 சென்டிமீட்டர் அகலம். சட்டைப்பை அதற்குப் போதாது. நன்னூலாரின் அளவுகோல் கொண்டு பார்த்தால், வாக்கில் மிகையும் பயனில் குறையும் ஒருங்கே பெற்ற கருவி இது. பின்னர் 1997இல் வந்த பதிப்பு கையெழுத்தை நன்கு படித்தது. ஆயினும் முதற்பெயர் கெட்டது கெட்டதே. 1998இல் ஆப்பிள் அதனைக் கைவிட்டது.

அமெரிக்காவின் ஜெஃப் ஹாக்கின்ஸ் வேறு வழி கண்டார். கருவியைச் செய்யுமுன் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் இட்டுத் திரிந்தார். யாரேனும் நாள் குறிக்கச் சொன்னால் அக்கட்டையை எடுத்து எழுதுவதுபோல் செய்து பார்த்தார். உருவத்தை முதலில் உறுதி செய்து, அதற்குள் அடங்குவது எது என்று பின்னர் தேர்ந்தார். 1996இல் வந்த பைலட் 1000 இவ்வாறு பிறந்தது. எடை 160 கிராம், இரண்டு ஏ.ஏ.ஏ. பேட்டரி, நினைவகம் 128 கிலோபைட், விலை 299 வெள்ளி. கையெழுத்து முழுவதையும் படிக்கும் ஆசையை அது விட்டது. மாறாக, கிராஃபிட்டி என்னும் எளிய எழுத்துமுறையைப் பயன்படுத்துவோர் கற்கவேண்டும் என்றது. அதில் ரோமன் எழுத்தாகிய ‘ஏ’ குறுக்குக் கோட்டை இழந்து, தலைகீழான ‘வி’ ஆயிற்று. மேசைக் கணினியோடு ஒரு பொத்தானால் இணைந்து, தன்னிடம் உள்ளதைப் படியெடுத்துக்கொண்டது. பேட்டரி தீர்ந்தால் நினைவகத்தில் உள்ள யாவும் அழிந்துவிடும் என்னும் அக்காலத்துப் பெருங்குறைக்கு, அப்படியே தக்க மருந்து.

ஓர் ஐயம்

பைலட் மில்லியன் கணக்கில் விற்றது. ஆகவே அதுவே சிறந்தது என்பர் பலர். நாள்குறிப்பும் முகவரியும் வைத்துக்கொள்ள அதனினும் செம்மையான கருவி அன்று இல்லை என்பதை நானும் உடன்படுகிறேன். அப்பணிக்கு வேண்டியது எதுவும் அதில் குறையவில்லை. வேண்டாதது எதுவும் மிகவில்லை. ஆனால் அது பைலட்டின் பணி. எல்லாக் கருவிக்கும் உரிய பணியன்று. நான்கு வரிக் குறிப்புக்குக் கிராஃபிட்டி போதும். நாற்பது வரிக் கட்டுரைக்குக் கை சோர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ரோமன் எழுத்துக்கென வகுத்த அம்முறையில், மெய்க்கு முன் கொம்பும் பின் காலும் நிற்கும் ‘கொ’ போன்ற எழுத்துக்கு இடமில்லை. கருவிக்காக மனிதன் வளையலாம் என்று சொல்லும்போது, எவன் எவ்வளவு வளையவேண்டும் என்பதையும் கேட்கவேண்டும்.

உலகம் அவ்வாறு கேட்கவில்லை. 2001இல் சையான் கைக்கணினித் துறையை விட்டு விலகியது. விசைப்பலகையை விட்ட மரபே நிலைத்து, திரை வளர்ந்து வளர்ந்து இன்றைய கைப்பேசியாயிற்று. பைலட் தன் பணிக்கு வேண்டாததை அறிந்து விட்டது, அது குறைத்தல். பின்வந்தோர் அப்பணியையே எல்லாருடைய பணியாகவும் கொண்டு, எழுதுவோனுக்கு வேண்டியதையும் விட்டனர், அது குன்றல். ஒரே செயல் ஓரிடத்தில் அழகாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் ஆவதை இங்கே காண்கிறோம்.

ஆகவே ஒரு கருவியை மாணவர்க்குப் பரிந்துரைக்குமுன், அதில் என்னென்ன இருக்கின்றன என்று விற்பவர் சொல்லும் பட்டியலோடு நில்லாமல், எது விடப்பட்டது, யாருக்காக விடப்பட்டது என்னும் இரு வினாக்களையும் ஆசிரியர்கள் எழுப்புவார்களாக. ஒரு கையகராதியை வாங்கும்போது, நமக்கு வேண்டிய சொல் அதில் உண்டா என்று புரட்டிப் பார்த்தன்றோ வாங்குகிறோம்?